கொங்கு மாவட்டங்களிலிருந்து மேல்முறையீட்டு வக்கீல் ஆவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேல்முறையீட்டு வக்கீல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சென்னை உயர் நீதிமன்றத்தில் அழகான ஆங்கிலத்தில் வாதாடும் ஒருவர். அந்த வாதம் அரைமணி நேரம். அதற்குப் பின்னால் இருப்பது கீழ்க்கோர்ட் கட்டோடு, அதாவது வழக்குக் காகிதங்களோடு, உட்கார்ந்த இரண்டு மூன்று முழு நாட்கள். கட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறையில் மேலே போகிறார். அந்தப் படிப்பு கோபிசெட்டிபாளையத்திலும் தாராபுரத்திலும் பொள்ளாச்சியிலும் கிடைக்கும், நன்றாகவே கிடைக்கும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

படிப்பும் பதிவும்

பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் முடித்திருந்தால் மூன்றாண்டுப் படிப்பு. கோவை, சேலம், நாமக்கல் மூன்று ஊர்களிலும் அரசு சட்டக் கல்லூரிகள் உண்டு. எந்தக் கல்லூரி என்பதை நினைத்து மனம் தளர வேண்டாம். பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி.விஸ்வநாதன் கோவை சட்டக் கல்லூரியில் படித்தவர். 1988-ல் வக்கீலாகப் பதிவு செய்து, டெல்லி போய், 2023-ல் வக்கீலாக இருந்தே நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். வக்கீல் சட்டம் 24-வது பிரிவில் சொன்னதற்கு மேல் பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வை முடித்துவிடுங்கள்.

கல்லூரியில் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாரம் ஒரு தீர்ப்பை முழுதாகப் படிப்பது. தலைக்குறிப்பை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. வழக்கின் உண்மைகள் என்ன, எந்தக் கேள்வி எழுந்தது, விடை எது, போகிற போக்கில் சொன்னது எது என்று நான்காகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் மூன்று ஆண்டு: சொந்த ஊர் கோர்ட்டில்

நேராகச் சென்னைக்கு ரயில் ஏறிவிடும் ஜூனியர்களுக்குப் பின்னால் ஒரு குறை தெரியும். குறுக்கு விசாரணை எப்படி நடக்கிறது, ஆட்சேபத்தோடு ஒரு ஆவணம் எப்படிச் சான்றாக மார்க் ஆகிறது, கோர்ட் நியமித்த கமிஷனர் நிலத்தை அளக்கும்போது என்ன தகராறு வருகிறது என்பதைப் பார்க்காதவருக்கு அச்சிட்ட வாக்குமூலம் வெறும் காகிதம்தான். அதனால் மூன்று ஆண்டாவது முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மாஜிஸ்திரேட் கோர்ட் எல்லாவற்றிலும் வேலை பார்க்கும் சீனியரிடம் சேருங்கள்.

கொங்கு மண்ணில் வரும் வழக்குகளே நல்ல பாடம். பாகப்பிரிவினை வழக்குகளில் கூர்ச்சீட்டு, அதாவது பங்கு பிரித்து எழுதிய சீட்டு, வரும். பதிவாகாத கூர்ச்சீட்டை உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட முடியுமா, பதிவுச் சட்டம் 49-வது பிரிவு எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பதே தனிப் பாடம். பெண் பிள்ளைகளின் பங்கில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 29-ஏ பிரிவு உண்டு. அதில் 1989 மார்ச் 25 முக்கியமான தேதி, அன்றைக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு அது பொருந்தாது. 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பிறகும், 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்புக்குப் பிறகும் நிலைமை மாறிவிட்டது. தோட்டத்து வண்டித்தடம், பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை, இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) ஆக்கிரமிப்பு ஆகியவை அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி, நீர் உரிமைகளைப் பற்றிய வசதியுரிமைச் சட்டத்தைக் கற்றுக்கொடுக்கும். திருப்பூர், ஈரோடு பக்கம் செக் கேஸ் குவியும். மில்லுக்கும் பட்டறைக்கும் வாங்கிய கடன் வாராக்கடனானால் கோவை கடன் மீட்புத் தீர்ப்பாயம், அங்கிருந்து 30 நாளுக்குள் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். கடனாளி மேலே போக வேண்டுமானால் பாக்கியில் 50 சதவீதம் கட்ட வேண்டும், தீர்ப்பாயம் மனது வைத்தால் 25 வரை குறையும்.

தினமும் சாயங்காலம் அன்று பார்த்த ஒரு சாட்சி விசாரணையை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் கேள்வி வழக்கைத் திருப்பியது, எந்தக் கேள்வி கேட்காமல் விடப்பட்டது என்று. மேல்முறையீட்டில் நீங்கள் தேடப் போவது இந்த இரண்டைத்தான்.

எந்தக் கோர்ட், எத்தனை நாள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம், நாமக்கல் வழக்குகள் சென்னைக்குப் போகும். கரூர் மட்டும் மதுரைக் கிளைக்கு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். பழனி, ஒட்டன்சத்திரம் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் அவையும் மதுரைக்கே. பக்கத்து ஊரான தாராபுரம் சென்னைக்கு. ஆக, எந்த ஊரில் தொழில் செய்வது என்பதை எந்த மாவட்டத்து வக்கீல்களிடமிருந்து கட்டு வரும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கரூர், திண்டுக்கல் பக்கம் உறவும் தொடர்பும் உள்ளவருக்கு மதுரை நல்ல இடம்.

சிவில் மேல்முறையீடு மாவட்ட அளவிலான கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள்தான். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். சீராய்வு மனு 90 நாள். குடும்ப நீதிமன்ற மேல்முறையீடு 30 நாள். ரிட் அப்பீல் 30 நாள். உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு 90 நாள். இந்தப் பட்டியல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். ஆனால் வழக்கு கையில் வந்ததும் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் கெடு தேதியை எழுத வேண்டும்.

நகலின் பின்பக்கம்

கெடுவைக் கணக்கிடுவதில் தவறுவதுபோல் இந்தத் தொழிலில் ஆபத்தானது வேறில்லை. சான்றிட்ட நகலின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். நகல் மனு போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள் என்று வரிசையாக. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நகல் வாங்க ஆகும் நாட்கள் கெடுவிலிருந்து கழியும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சார்பு நீதிமன்றத்தின் முதல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு 10.1.2025. தீர்ப்பு நாளைக் கழித்தால் 90-வது நாள் ஏப்ரல் 10. நகல் மனு 20.1.2025, ஸ்டாம்ப் கேட்டது 29-ம் தேதி, கட்டியது 31-ம் தேதி, நகல் தயாரானது 12.2.2025. ஜனவரி 20 முதல் பிப்ரவரி 12 வரை, இரு நாளும் சேர்த்து 24 நாள். ஏப்ரல் 10-ஓடு 24 கூட்டினால் மே 4. அது உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறையில் விழுகிறது, ஆகவே காலவரையறைச் சட்டம் 4-வது பிரிவின்படி கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

இதே வழக்கில் ஸ்டாம்ப் கட்டக் கொடுத்த கெடுவை ஐந்து நாள் தாண்டியிருந்தால் அந்த ஐந்து நாள் கழியாது. 24-க்குப் பதில் 19, கடைசி நாள் ஏப்ரல் 29. அன்று கோர்ட் நடக்கிறது. விடுமுறை கைகொடுக்காது, மேல்முறையீடு தாமதமாகிவிடும். நகல் தயாரான பிறகு மெதுவாகப் போய் வாங்கிய நாட்களும் கழியாது. நகல் மனு போடுவதற்கு முன்பு கோர்ட் டிகிரி (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் ஆணை) தயாரிக்க எடுத்த நாட்களும் கழியாது. அதனால் தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ நகல் மனு போய்விட வேண்டும், மேலே போவதா வேண்டாமா என்று கட்சிக்காரர் யோசித்துக்கொண்டிருந்தாலும் சரி.

தாமதமாகிவிட்டால் காலவரையறைச் சட்டம் 5-வது பிரிவில் மன்னிப்பு மனு. பல அபிடவிட்டில் மஞ்சள் காமாலை வந்தது, நாட்டு வைத்தியம் பார்த்தேன் என்று ஒரே வாசகம் வருகிறது. நீதிபதிகள் அதைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். உண்மையில் என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். மகன் வெளியூரில் இருந்தான், வக்கீல் தகவல் சொன்ன நாள் இது, பணம் புரட்டிய நாள் இது என்று தேதி தேதியாகச் சொல்லி, காட்ட முடிந்த காகிதத்தைச் சேர்த்தால் உண்மைக்கு எடை கூடும்.

கட்டு படிக்கும் வரிசை

தீர்ப்பை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் பிறகு எல்லாவற்றையும் கீழ்க்கோர்ட் நீதிபதியின் கண்ணால்தான் பார்ப்பீர்கள், அவர் விட்டது உங்களுக்கும் தெரியாமல் போகும்.

முதலில் டிகிரி. யாருக்கு என்ன பரிகாரம் கிடைத்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. அடுத்து பிராதின், அதாவது வாதி போட்ட வழக்கு மனுவின், கோரிக்கையும் சொத்து விவரமும். சர்வே எண், உட்பிரிவு, ஏக்கர் சென்ட், நான்கெல்லை நான்கையும் டிகிரியோடு ஒப்பிடுங்கள். எல்லை மாறியிருப்பதும் பரப்பு கூடியிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

மூன்றாவது, பிராதையும் பிரதிவாதியின் எதிருரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்புக்கொண்டது, மறுத்தது என்று இரண்டு பத்தியில் எழுதுவது. குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகவே ஆகும். பிராதில் சொல்லாத ஒன்றுக்கு எவ்வளவு சாட்சியம் இருந்தாலும் பயனில்லை. முதல் ஆயுதம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

நான்காவது எழுவினாக்கள், அதாவது கோர்ட் தீர்மானிக்க எடுத்துக்கொண்ட கேள்விகள். முக்கியமான எழுவினா விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவது ஆவணங்கள். குறியீட்டு எண் வரிசையை விட்டுவிட்டுத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கிரயப் பத்திரம், பட்டா மாறுதல், அடங்கல், வரி ரசீது, நோட்டீஸ் எல்லாம் தேதிப்படி வந்தால் கதை தானாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம் இல்லாமல் மார்க் ஆனதா என்று குறியுங்கள். முத்திரைத் தீர்வை குறைவான ஆவணம் ஆட்சேபமின்றி ஏற்கப்பட்டுவிட்டால், முத்திரைச் சட்டம் 36-வது பிரிவுப்படி மேல்முறையீட்டில் அதைக் கிளப்ப முடியாது. பதிவாகாத குறை அப்படியல்ல, அது 49-வது பிரிவில் தொடர்ந்து நிற்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ஆறாவது வாக்குமூலங்கள். முதல் விசாரணையை ஒருமுறை, குறுக்கு விசாரணையை இரண்டு முறை. ‘பி.டபிள்யூ.1, பக்கம் 47, கீழிருந்து ஆறாவது வரி: வண்டி 1996 வரை போனதை ஒப்புக்கொள்கிறார்’ என்ற அளவுக்குக் குறிப்பு எழுதுங்கள். பி.டபிள்யூ.1 என்றால் வாதி தரப்பு முதல் சாட்சி. கடைசியில் தீர்ப்பு. அதன் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஆதாரம் இருக்கும் பக்க எண்ணை எழுதிக்கொண்டே போங்கள். பக்க எண் எழுத முடியாமல் வெறுமையாக நிற்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் வழக்கு.

நானூறு பக்கக் கட்டுக்கு இது குறைந்தது இரண்டு முழுநாள் வேலை. ஜூனியர் எழுதிய சுருக்கத்தை வைத்து வாதாடப் போவது பெரிய ஆபீஸ்களிலும் நடக்கிறது. அந்தப் பழக்கம் வேண்டாம்.

மனு வரைவது

முதல் மேல்முறையீட்டில் உண்மை, சட்டம் இரண்டையும் கேட்கலாம். இரண்டாவது மேல்முறையீடு வேறு வகை. சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பிறகு, கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கதவைத் திறக்கும். சார்பு நீதிமன்றமும் முன்சீப்பும் ஒரே முடிவுக்கு வந்த வழக்கில் அந்தக் கதவு இன்னும் இறுக்கம். 25,000 ரூபாய்க்கு மேற்படாத பணவசூல் வழக்கில் இரண்டாவது மேல்முறையீடே கிடையாது.

‘கீழமை நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சரியாகப் பரிசீலித்தனவா?’ என்று எழுதினால் அது சட்டக் கேள்வியே அல்ல, அட்மிஷனிலேயே தள்ளுபடியாகும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வண்டித்தடம் உரிமையாகவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க, வாதிக்கு வேறு வழி கிடைத்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் வசதியுரிமைச் சட்டம் 41-வது பிரிவின் கீழ் அந்த உரிமை அற்றுப்போனது என்று தீர்ப்பளித்தது சட்டப்படி செல்லுமா?’ இதில் ஆவணம் இருக்கிறது, சட்டப் பிரிவு இருக்கிறது, தவறு எங்கே என்பது இருக்கிறது, ஆம் அல்லது இல்லை என்று விடை சொன்னால் வழக்கு முடிகிறது. 41-வது பிரிவு தேவையால் வந்த வசதியுரிமைக்குத்தான், எழுதிக் கொடுத்ததற்கு அல்ல என்பதை நம் மாநிலத்திலிருந்தே போன ஹீரோ வினோத் எதிர் சேஷம்மாள் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டக் கேள்வி எப்போது கணிசமாகிறது என்பதற்கும் அந்தத் தீர்ப்பையே படிக்கலாம்.

கிரவுண்ட்ஸ், அதாவது தீர்ப்பை எதிர்க்கும் காரணங்கள், பத்துக்குள் அடங்கட்டும், வலுவானது முதலில். நாற்பது எழுதினால் நல்ல நான்கும் புதைந்துபோகும். விசாரணைக் கோர்ட்டில் தாக்கல் செய்யாத ஆவணத்தை மேலே வந்து நுழைப்பது எளிதல்ல. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 41 விதி 27-ன்படி முன்பே ஏன் கொண்டுவர முடியவில்லை என்பதைக் காட்ட வேண்டும், வக்கீல் மறந்துவிட்டார் என்பது போதாது. கோர்ட் கட்டணம் மேல்முறையீட்டில் உண்மையில் சர்ச்சையாகும் பகுதிக்குத்தான், முழு டிகிரியையும் எதிர்க்கிறோமா என்று பார்த்து மதிப்பிடுங்கள்.

கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அப்பீல் போட்டாச்சுன்னா ஜப்தி நின்னுருமுங்களா, வக்கீலய்யா?” நிற்காது என்பதை அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மேல்முறையீடு போட்டதாலேயே தடை வராது, தனியாக ஸ்டே மனு வேண்டும், பண டிகிரி என்றால் பணமோ ஜாமீனோ கட்டச் சொல்வார்கள். செக் கேஸில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2018-ல் வந்த 148-வது பிரிவு உண்டு. தண்டிக்கப்பட்டவர் அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தை 60 நாளில் கட்டும்படி செஷன்ஸ் கோர்ட் உத்தரவிடலாம், இன்னும் 30 நாள் அவகாசம் தரலாம். விதிவிலக்கு கேட்க உச்ச நீதிமன்றத்தின் ஜம்பு பண்டாரி தீர்ப்பு இடம் தருகிறது, ஆனால் அதற்குரிய காரணத்தை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜெயித்த கட்சிக்கு ஆஜராகிறவர் சும்மா இருக்கக் கூடாது. தீர்ப்பு வந்த கையோடு கேவியட், அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு, போடுங்கள், அதற்கு ஆயுள் 90 நாள். முழுதாக ஜெயிக்கவில்லை என்றால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள், பாதகமான பகுதியை எதிர்த்துக் குறுக்கு ஆட்சேபம்.

நின்று பேசும்போது

முதல் இரண்டு நிமிடத்துக்கு மூன்றே வாக்கியம் தயாராக இருக்கட்டும். என்ன வழக்கு, எந்தக் கோர்ட்டில் யார் ஜெயித்தார், தவறு எது. பிறகு பக்க எண்ணைச் சொல்லுங்கள், நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பும்வரை வாய் திறக்காதீர்கள். திருப்பிக்கொண்டிருக்கும்போதே பேசினால் அந்த வாக்கியம் அவர் காதில் ஏறாது. தொகுப்பின் பக்க எண் உங்களிடம் ஒன்றாகவும் நீதிபதியிடம் ஒன்றாகவும் இருந்தால் வாதமே குலையும். அதனால் முந்தின நாளே சரிபாருங்கள்.

நீதிபதி கேள்வி கேட்டால் உடனே ஆம் அல்லது இல்லை, பிறகு காரணம். ‘அதற்குப் பிறகு வருகிறேன்’ என்பது விடையல்ல. நிற்காத பாயிண்டை நீங்களே கைவிட்டால் நிற்கும் பாயிண்டுக்கு மரியாதை கூடும். பாதகமான தீர்ப்பு ஒன்று இருந்தால் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும் முன் நீங்களே காட்டி வித்தியாசத்தைச் சொல்லுங்கள். நீதிபதி உங்கள் பேச்சை நம்புகிறார் என்ற நிலை வர ஆண்டுகள் ஆகும், ஒரே நாளில் போய்விடும்.

சென்னையில் சேர்வதும் வழக்கு வருவதும்

நான்காவது ஆண்டில் சென்னைக்கோ மதுரைக்கோ போகலாம். ஜூனியரைக் கொண்டு வரைவு எழுத வைத்துத் திருத்திக் கொடுக்கும் ஆபீஸைத் தேடுங்கள். ஒத்திவைப்பு வாங்க மட்டும் அனுப்பும் ஆபீஸில் இரண்டு ஆண்டு இருந்தாலும் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-ல் வழிகாட்டுதல் வந்தது. எல்லா ஆபீஸும் தருவதில்லை, சேரும்போதே கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம்.

மேல்முறையீட்டு வக்கீலுக்கு வழக்கு கொடுப்பவர் மாவட்ட வக்கீல். விளம்பரம் பார் கவுன்சில் விதி 36-ன்படி தடை, தேவையும் இல்லை. ஈரோட்டிலிருந்து கட்டு அனுப்பியவருக்கு அன்றன்று சாயங்காலமே உத்தரவைச் சொல்லுங்கள். அவருடைய கட்சிக்காரரிடம் அவரைத் தாண்டிப் பேச்சு வேண்டாம். அவர் விசாரணையில் விட்ட குறையைக் கட்சிக்காரர் முன் சொல்லாதீர்கள். வெற்றி வாய்ப்பு இல்லாத கட்டை ‘இதில் ஒன்றும் இல்லைங்க’ என்று திருப்பி அனுப்புங்கள். அடுத்த நல்ல கட்டு அந்த நேர்மைக்காகவே வரும். கோர்ட் கட்டணம், டைப்பிங், நகல் செலவு, ஃபீஸ் நான்கையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் பின்னால் பேச்சு வராது. மாதம் ஒருமுறை சேரன், ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்து பார் அசோசியேஷனில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாறு ஆண்டில் ஒரு துறையில் ஆழம் வேண்டும். நம் பகுதிக்கு நில உரிமை, வங்கிக் கடன், நெடுஞ்சாலை மற்றும் சிப்காட் நில எடுப்பு, சுற்றுச்சூழல் நான்கும் நீடிக்கும். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கு 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கண்டு, 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் உயர் நீதிமன்ற உத்தரவு வரை போனது. விவசாயியும் பட்டறைக்காரரும் இருபக்கமும் நம் ஆட்களே. அந்த இருவரின் நிலைமையும் தெரிந்த வக்கீல் சொல்லும் உண்மைகள் துல்லியமாக இருக்கும்.

டெல்லியும் சீனியர் பட்டமும்

உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய அட்வகேட்-ஆன்-ரெக்கார்டு (ஏ.ஓ.ஆர்.) ஆக வேண்டும். நான்கு ஆண்டு தொழில், பிறகு பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு ஏ.ஓ.ஆரிடம் ஓராண்டுப் பயிற்சி, பிறகு தேர்வு. நடைமுறை, வரைவு, தொழில் அறம், முன்னோடித் தீர்ப்புகள் என நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம். டெல்லியில் கோர்ட்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் ஆபீஸும் பதிவு பெற்ற கிளார்க்கும் வேண்டும். ஊரை விட முடியாதவர் நம்பகமான ஒரு ஏ.ஓ.ஆரோடு சேர்ந்து வேலை செய்யலாம். தமிழ் ஆவணங்களின் மொழிபெயர்ப்பும் தேதிப் பட்டியலும் நீங்களே தயாரித்து அனுப்புங்கள், அங்கே அவற்றைத்தான் முதலில் படிக்கிறார்கள். சிறப்பு அனுமதி மனுவுக்குக் கிடைப்பது சில நிமிடம். காரணம் சொல்லாமல் தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதில் கலந்துவிடாது, உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கேட்க வழி இருக்கும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் குன்ஹயம்மது தீர்ப்பிலிருந்து நினைவில் வையுங்கள்.

சீனியர் பட்டம் வக்கீல் சட்டம் 16-வது பிரிவில் வருகிறது. குறைந்தது பத்தாண்டுத் தொழில் வேண்டும். மதிப்பெண் போடும் முறையை 2025 மே 13-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது, முடிவு நீதிபதிகளின் முழு அமர்வு கையில். பட்டம் வந்தபின் வக்காலத்து போட முடியாது, ஜூனியர் இல்லாமல் ஆஜராக முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்க முடியாது. கட்சிக்காரர்கள் நேராக வந்து ஓடும் ஆபீஸாக இருந்தால் வருமானம் முதலில் குறையும், அதைக் கணக்கிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் வாதாடிய தீர்ப்புகளைக் காட்ட வேண்டியிருக்கும். பத்தாண்டு கழித்துத் தேடினால் பாதி கிடைக்காது. முதல் வழக்கிலிருந்தே ஒரு பதிவேட்டில் வழக்கு எண், தீர்ப்பு நாள், அமர்வு, சட்டக் கேள்வி, பிரசுரமான இதழின் பக்கம் ஐந்தையும் எழுதி வாருங்கள்.